அபர்டீன் வைத்தியரின் அட்டவணை

பிள்ளைபெற்ற சில நாள்களில் தாய்க்கு நடுக்கத்தோடு காய்ச்சல் கண்டால், ஒரு காலத்தில் ஐரோப்பாவில் உற்றாரும் வைத்தியரும் நம்பிக்கை இழந்துவிடுவர். பிரசவக் காய்ச்சல் என்பது அதன் பெயர். கெட்ட காற்றினால் வருவது என்றனர் சிலர். முலைப்பால் வயிற்றினுள் திரும்பித் தேங்குவதால் வருவது என்றனர் வேறு சிலர். பிரசவம் பார்த்தவரை ஐயுற்றோர் மிகச் சிலரே.

ஸ்கொத்லாந்து தேசத்து அபர்டீன் நகரில் இந்நோய் 1789ஆம் ஆண்டின் இறுதியிலே தோன்றி, 1792 வரை நீடித்தது. அங்கே ஏழைகளின் மருந்துச்சாலையில் கடமையாற்றியவர் அலெக்சாந்தர் கோர்டன். கடற்படையில் சத்திரவைத்தியராயிருந்து, பின்பு இலண்டனில் பிரசவ வைத்தியம் பயின்றவர். அவர் செய்த காரியம் எளியதுதான். தாம் பார்த்த 77 நோயாளரின் விபரங்களை, பிழைத்தாரா இறந்தாரா என்பது உட்பட, அட்டவணையாக எழுதினார். அதில் ஒரு நிரல், பிரசவம் பார்த்தவர் யார் என்பது.

உண்மை அந்த நிரலிலே வெளிப்பட்டது. சில மருத்துவிச்சிமார் பார்த்த பெண்களுக்கே காய்ச்சல் வந்தது. காற்றுத்தான் காரணமெனில் அது ஆள் பார்த்தா வீசும்? ஒரு பெண்ணுக்குப் பிரசவம் பார்க்கப்போகிறவர் இன்னார் என்று கேட்ட மாத்திரத்தே, அவளுக்கு நோய் வருமா வராதா என்று தம்மால் முன்கூட்டிச் சொல்ல முடிந்ததாக அவர் எழுதியிருக்கிறார்.

அட்டவணையில் அவர் பெயரும் இருந்தது. பல பெண்களுக்கு நோயைக் கொண்டு சென்றவன் தானே என்று, மறைக்காமல், அச்சிலே ஒப்புக்கொண்டார். நோயாளியின் துணிகளை எரிக்கவேண்டும் அல்லது புகையூட்டவேண்டும். தாதியரும் வைத்தியரும் தம்மைக் கழுவிச் சுத்தஞ்செய்து, தம் உடைகளுக்கும் புகையூட்டவேண்டும் என்றார். கிருமிகளைப் பற்றி உலகம் அறியாத காலத்தில் சொன்ன சொல் இது. எனினும் சிகிச்சையில் அவர் தம் காலத்தவரே. இரத்தத்தை மிகுதியாக வெளியேற்றுவதும் பேதி கொடுப்பதுமே அவர் நம்பிய மருத்துவம்.

1795இல் அவருடைய நூல் வெளிவந்தது. மருத்துவிச்சிமாரின் பெயர்களும் அதில் அச்சேறின. அத்தொழிலையே நம்பி வாழ்ந்த அப்பெண்கள் அறியாமற் செய்த பிழைக்கு ஊரறியப் பெயர் சொல்லவேண்டுமா? இதில் அவரை முற்றாக ஆதரிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பெயர்களை விட்டுவிட்டால் அந்த அட்டவணையில் மிஞ்சுவது என்ன?

ஊரார் கோபம் அவர்மீதே திரும்பியது. அவர் கடற்படைக்கு மீண்டும் அழைக்கப்பட்டார். காசநோயுற்று 1799இல், 47ஆம் வயதில் இறந்தார்.

1843இல் பொஸ்ரன் நகரத்து ஒலிவர் வெண்டல் ஹோம்ஸ், இந்நோயை வைத்தியரே பரப்புகின்றனர் என்று வாதித்தபோது, கோர்டனின் நூலைச் சான்று காட்டினார். கனவான்களின் கைகள் சுத்தமானவை என்று பிலதெல்பியாவிலிருந்து ஒரு பேராசிரியர் மறுத்துரைத்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, வியன்னா வைத்தியசாலையில் செம்மெல்வைஸ் குளோரின் கலந்த நீர்ப் பாத்திரத்தை வாயிலில் வைத்து, மாணவர்களைக் கைகழுவச் சொன்னார்.