ஜொகூர் மிருகக்காட்சிசாலையும் நாம் இழந்த காண்டாமிருகமும்

தொல்காப்பிய மரபியல், விலங்கு பறவைகளின் இளமைப் பெயர்களோடு தொடங்குவதைத் தமிழாசிரியர் அனைவரும் அறிவர். ஒன்பது பெயர்களை எண்ணி, எப்பெயர் எவ்வுயிர்க்கு உரியது என்றும் அந்நூல் வரையறுக்கிறது. புலியின் இளமை குருளை. யானையின் இளமை கன்று. விலங்கைத் தனி உயிராக மட்டும் பாராமல், ஈன்று பெருகும் இனமாகவும் நம் முன்னோர் கண்டனர் என்பதை இப்பகுப்பு உணர்த்துகிறது. மிருகக்காட்சிசாலைகளின் வரலாற்றை ஆராய்வார்க்கும் இதுவே ஏற்ற அளவுகோலாகும். அங்கே எத்தனை விலங்குகள் அடைபட்டிருந்தன என்பதைவிட, எத்தனை குருளைகளும் கன்றுகளும் பிறந்து வளர்ந்தன என்பதே நாம் கேட்க வேண்டிய வினா.

அரண்மனைத் தோட்டத்திலிருந்து பொதுப் பூங்காவுக்கு

மிருகக்காட்சிசாலைகள் அரசர்தம் பெருமிதத்திலும் அறிஞர்தம் ஆர்வத்திலும் பிறந்தவை. வியன்னா நகரின் ஷோன்புரூண் அரண்மனையில் 1752-இல் அரச குடும்பத்தினர்க்கென ஒன்று அமைந்தது. இலண்டனில் விலங்கியல் கழகத்தார் 1828-இல் ஆராய்ச்சிக்கென ஒன்றைத் திறந்தனர். சென்னையில் எட்வர்டு பால்ஃபர் என்னும் மருத்துவர், 1855-இல் அருங்காட்சியக வளாகத்திலேயே விலங்குகளைத் திரட்டி வைத்தார். அதன் வழித்தோன்றலே வண்டலூரிலுள்ள அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா.

இலண்டன் பூங்கா தோன்றி நூறாண்டு நிறைந்த 1928-இல் ஜொகூர் பாருவில் நம் மாநிலத்தின் மிருகக்காட்சிசாலை தோன்றியது. அதனை அமைத்தவர் 1895 முதல் 1959 வரை ஆட்சி புரிந்த சுல்தான் இப்ராகிம். அவர் புலி வேட்டையில் பெயர் பெற்றவர். காட்டில் புலியைத் துரத்திய அரசரே தம் தோட்டத்தில் விலங்குகளைப் பேணி வளர்த்தது முரணாகத் தோன்றலாம். ஆனால் அக்காலத்தில் காடு வற்றாத களஞ்சியமாகவே கருதப்பட்டது. வேட்டையாடியதும் வளர்த்ததும் ஒரே ஆர்வத்தின் இரு கிளைகள். அரசரின் தனிச்சேகரமாக இருந்த அப்பூங்கா 1962-இல் மாநில அரசின் பொறுப்பில் வந்து, பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. கோலாலம்பூர் அருகே தேசிய மிருகக்காட்சிசாலை திறக்கப்பட்டதோ அதற்கு அடுத்த ஆண்டில்தான். அண்மைக் காலத்தில் மேம்பாட்டுப் பணிகளுக்காக மூடப்பட்டிருந்த ஜொகூர்ப் பூங்கா, 2023-இல் மீண்டும் திறக்கப்பட்டது.

பேணுவது வேறு, பெருக்குவது வேறு

உணவும் நீரும் மருந்தும் கொடுத்தால் ஒரு விலங்கை உயிரோடு வைத்திருக்கலாம். அது கருவுற்று, ஈன்று, தன் கன்றை வளர்க்க வேண்டுமாயின் இவை போதா. ஏற்ற துணை வேண்டும். துணையைச் சேர்க்கும் காலம் அறிய வேண்டும். ஈனும் தாய்க்குத் தனிமை வேண்டும். நெருங்கிய இரத்த உறவுக்குள் இணைசேராதிருக்க வம்சாவளிப் பதிவேடும் வேண்டும். புலி நூறு நாளுக்குச் சற்று மேல் கருச்சுமந்து குருளைகளை ஈன்றுவிடும். சுமாத்திரா காண்டாமிருகமோ ஏறத்தாழ பதினைந்து, பதினாறு மாதங்கள் சுமந்து ஒரே கன்றை ஈனும். ஒரு கருச்சிதைவு நேர்ந்தாலும் இழப்புப் பெரிது.

இத்துறையில் இந்தியர் ஒருவரின் பணி நினைவுகூரத் தக்கது. கல்கத்தா அலிப்பூர் மிருகக்காட்சிசாலையின் முதல் கண்காணிப்பாளரான ராம் பிரம்ம சன்யால், விலங்குகளின் உணவு, நோய், ஈற்று ஆகியவற்றை நாள்தோறும் குறித்து வைத்தார். 1892-இல் அவற்றைக் கைந்நூலாக வெளியிட்டார். அவர் பொறுப்பிலிருந்தபோது, 1889-இல், சுமாத்திரா காண்டாமிருகக் கன்று ஒன்று அங்கே பிறந்தது. அவ்வினத்தில் அத்தகைய பிறப்பு மீண்டும் நிகழ 112 ஆண்டுகள் ஆயின!

நம் காட்டின் காண்டாமிருகம்

சுமாத்திரா காண்டாமிருகம் நமக்கு அயலானதன்று. இரு கொம்பும் உடலில் மயிரும் உடைய அச்சிறு காண்டாமிருகம், ஜொகூர், பகாங் மாநிலங்களில் பரந்து கிடக்கும் எண்டாவ் ரோம்பின் காட்டில் வாழ்ந்து வந்தது. 1977-இல் அக்காட்டின் பகாங் பகுதியில் மரம் வெட்டத் தொடங்கியபோது மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர், பணி நிறுத்தப்பட்டது. 1985, 1986-ஆம் ஆண்டுகளில் மலேசிய இயற்கைக் கழகத்தார் அங்கே அறிவியற் பயணம் மேற்கொண்டனர். 1993-இல் ஜொகூர்ப் பகுதி தேசியப் பூங்காவாக அரசிதழில் இடம்பெற்றது.

காடு காக்கப்பட்டது, காண்டாமிருகம் மீளவில்லை. கொம்புக்காகக் கொன்றவர் ஒருபுறம். எண்ணிக்கை அருகியதால் ஆணும் பெண்ணும் ஒன்றையொன்று காணவியலாமை மறுபுறம். 1984 முதல் மலேசியாவிலும் இந்தோனேசியாவிலுமாக நாற்பது விலங்குகள் பிடிக்கப்பட்டு, இனப்பெருக்கத்திற்கெனப் பல நாடுகளில் வைக்கப்பட்டன. பல, கன்றொன்றும் ஈனாமலே மடிந்தன. சிலாங்கூர் சுங்கை டூசுன் நிலையத்தில் இருந்த ஐந்தும் 2003-இல் நோயுற்று ஒன்றன்பின் ஒன்றாக இறந்தன.

குறை எங்கே என்பது அமெரிக்காவின் சின்சினாட்டியில் தெளிவாயிற்று. இவ்விலங்கிற்கு உலர்புல் ஒவ்வாது. அத்தி இனத்து இலைகள் வேண்டும். ஆணும் பெண்ணும் தகாத நாளில் சேர்க்கப்பட்டால் ஒன்றையொன்று தாக்கும். பெண்ணின் கருமுட்டை இணைசேர்ந்த பின்னரே வெளிப்படும். இவற்றை அறிந்த பின்னும் எமி என்னும் பெண் விலங்கு ஐந்து முறை கருவிழந்தது. ஆறாம் முறை இயக்குநீர் மருந்து கொடுத்துக் காத்ததால், 2001 செப்டம்பர் 13-இல் அண்டாலாஸ் பிறந்தது. அக்கன்று வளர்ந்து, 2007-இல் சுமாத்திராவுக்கு அனுப்பப்பட்டு, 2012-இல் தானும் ஒரு கன்றுக்குத் தந்தையாயிற்று. அறிவு கிட்டியது, நமக்கு அது காலங்கடந்து கிட்டியது. சபாவில் எஞ்சியிருந்த தாம் என்னும் ஆண் 2019 மே மாதத்திலும், இமான் என்னும் பெண் அவ்வாண்டு நவம்பரிலும் இறந்தன. மலேசிய மண்ணில் அவ்வினம் முடிந்தது.

எஞ்சியிருப்பவை

காலத்தே தொடங்கிய முயற்சிகள் பயன் தந்ததையும் வரலாறு காட்டுகிறது. ஜொகூர்ப் பூங்கா மக்களுக்குத் திறந்த அதே 1962-இல், அருகிவரும் அரேபிய ஒரிக்ஸ் மான்கள் சிலவற்றைப் பிடித்து அமெரிக்காவில் வளர்க்கலாயினர். பத்தாண்டில் காட்டு மான்கள் முற்றும் அழிந்தன. எனினும் வளர்ப்பு மந்தையின் வழிவந்தவை 1982-இல் ஓமன் பாலைவனத்தில் மீண்டும் விடப்பட்டன. நம் தேசிய மிருகக்காட்சிசாலையும் 1987 முதல் பால்நிற நாரைகளை வளர்த்துப் பெருக்கி, பேராக் குவாலா குலாவில் பறக்கவிட்டது.

இன்று மலாயாப் புலி அதே விளிம்பில் நிற்கிறது. காட்டில் எஞ்சியவை 150-க்கும் குறைவு என்பது தேசியக் கணக்கெடுப்பின் முடிவு. ஜொகூர் அரசின் இலச்சினையைத் தாங்கி நிற்பவை இரு புலிகள் என்பதை நம் மாணாக்கர் அறிவர். ஆதலின் மாணாக்கரைப் பூங்காவுக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர், விலங்குகளின் பெயர்களைக் குறித்துவரச் செய்வதோடு நின்றுவிடலாகாது. இவ்விலங்கின் துணை எங்கே, இது எப்போது ஈன்றது, இதன் இனம் காட்டில் எத்தனை உண்டு என்று கேட்கவும் பழக்க வேண்டும். குருளை என்னும் சொல்லை நாம் வகுப்பறையில் காக்கலாம். அச்சொல்லுக்கு உரிய உயிரைக் காக்க, காடும் பூங்காவும் அவற்றைப் பற்றிக் கேள்வி கேட்கும் மக்களும் வேண்டும்.