மதுரையில் தொடங்கிய ஒரு குடும்ப சரித்திரம்

வீட்டுக் காரியங்களைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, பாட்டனுக்குப் பாட்டன் எந்த ஊரிலிருந்து வந்தான், அவனுக்கு நிலம் எழுதிக்கொடுத்தவர் யார், அவன் கையொப்பம் எந்தப் பத்திரத்தில் இருக்கிறது என்று பழம்பெட்டிகளைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருகிறவர்கள் எத்தேசத்திலும் எக்காலத்திலும் இருந்திருக்கிறார்கள். அரிசி களையாமலும் கூடம் பெருக்காமலும் கிடக்கும் வேளையில் மாண்டுபோனவர்களின் விருத்தாந்தம் எதற்கு என்று வீட்டார் கடிந்துகொள்வதும் உலக வழக்கந்தான். அந்தக் கண்டனத்தில் நியாயமும் உண்டு. ஆயினும் ஒரு குடும்பம் தன் மூதாதை ஒருவரைப்பற்றி அறியக் கொண்ட ஆவல், தென்னிந்திய சரித்திரம் முழுவதற்கும் ஆதாரமான ஒரு பெருநிதியைச் சேர்ப்பதற்குக் காரணமாயிற்று. அந்த முயற்சிக்கு வித்து விழுந்த இடம் மதுரை மாநகரம்.

ஸ்காட்லாந்து தேசத்தில் மெர்ச்சிஸ்டன் என்னும் இடத்தில் 1550-இல் பிறந்து 1617-இல் மறைந்த ஜான் நேப்பியர் என்பவரே மடக்கைக் கணிதத்தைக் கண்டு உலகுக்கு அளித்தவர். பெருக்கலைக் கூட்டலாகவும் வகுத்தலைக் கழித்தலாகவும் மாற்றித் தரும் அந்த உபாயத்தை அவர் 1614-இல் நூலாக வெளியிட்டபின், வானசாஸ்திரிகளுக்கும் மாலுமிகளுக்கும் இருந்த பெரும் பாரம் குறைந்தது. நூற்றைம்பது ஆண்டுகள் கழிந்து, அந்த வம்சத்தில் தோன்றிய நேப்பியர் பிரபு ஒருவர், தம் குலத்துக்குப் பெருமை தந்த அம்முன்னோரின் சரித்திரத்தை எழுதத் தொடங்கினார். கணிதத்தில் பழமையான தேர்ச்சி பெற்ற இந்தியர்கள் இத்தகைய முறைகளை அறிந்திருந்தார்களா என்பதையும் அந்நூலில் ஆராய வேண்டும் என்று விரும்பி, லூயிஸ் தீவைச் சேர்ந்த காலின் மெக்கன்ஸி என்ற இளைஞரைத் துணைக்கு அமர்த்திக்கொண்டார். நூல் முற்றுப்பெறுமுன் பிரபு காலமானார். மெக்கன்ஸியோ கிழக்கிந்தியக் கம்பெனியின் சேனையில் உத்தியோகம் பெற்று 1783-இல் சென்னைக்கு வந்து சேர்ந்தார்.

அக்காலத்தில் பிரபுவின் மகளான ஹெஸ்டர், கம்பெனி உத்தியோகஸ்தரான தம் கணவர் சாமுவேல் ஜான்ஸ்டனுடன் மதுரையில் வசித்துவந்தார். தகப்பனார் விட்டுப்போன காரியத்தை முடிக்க வேண்டும் என்ற எண்ணம் அந்த அம்மையாரின் உள்ளத்தில் குடிகொண்டிருந்தது. பண்டைச் சங்கத்தின் பெயரால் புகழ்பெற்ற அந்நகரத்தின் பண்டிதர்களைத் தம்மிடம் வரவழைத்து, இந்நாட்டுக் கணிதத்தைப் பற்றிய செய்திகளைத் திரட்டிவந்த அவர், மெக்கன்ஸியையும் மதுரைக்கு அழைத்து அவர்களோடு அறிமுகம் செய்துவைத்தார். தேசாந்தரத்தில், பாஷையும் பழக்கமும் வேறான ஊரில், ஒரு குடும்பத்தை நடத்தும் பொறுப்புக்கிடையே, பிறந்த வீட்டின் சரித்திரத்துக்காக ஒரு பெண்மணி இவ்வளவு சிரத்தை எடுத்துக்கொண்டது எளிய செய்தியன்று. நேப்பியரின் சரித்திரத்துக்காகக் கணிதச் செய்திகளை நாடி அப்பண்டிதர்களிடம் சென்ற மெக்கன்ஸிக்கு, இந்நாட்டின் சாசனங்களையும் சுவடிகளையும் திரட்ட வேண்டும் என்ற பேராவல் அங்கேதான் பிறந்தது.

ஆவல் பிறந்ததே தவிர, அவகாசம் பிறக்கவில்லை. யுத்தங்களும், ஓயாத இடமாற்றங்களும், கையில் பொருளின்மையும் சேர்ந்து, இந்தியாவில் தம் முதல் பதின்மூன்று ஆண்டுகளில் உருப்படியாக ஒன்றும் செய்ய இயலாதபடி தம்மைத் தடுத்தன என்று பிற்காலத்தில் அவரே ஒரு கடிதத்தில் குறித்திருக்கிறார். தேச பாஷைகளில் அவருக்குப் பயிற்சி இல்லை. அந்தக் குறை நீங்கியது காவலி வெங்கட போரய்யா என்னும் தெலுங்கு அந்தண இளைஞர் வந்து சேர்ந்த பின்னரே. பல பாஷைகளை அறிந்து, ஊராரின் நம்பிக்கையைப் பெறும் இனிய சுபாவமும் படைத்திருந்த போரய்யா 1803-இல் அற்பாயுளில் மறைந்தபோது, அவருடைய தம்பி லட்சுமய்யா அப்பணியை மேற்கொண்டார். அளவைச் சங்கிலியுடன் மெக்கன்ஸி மைசூர் நாட்டை அளந்துகொண்டிருந்த காலத்திலும், 1810-இல் சென்னை மாகாணத்துக்கும் 1815-இல் இந்தியா முழுவதற்கும் தலைமை நில அளவையாளராக உயர்ந்த பின்னரும், இவ்வுதவியாளர்கள் ஊர் ஊராகச் சென்று கோயில் சுவர்களைப் படியெடுத்தும், கணக்கர்களையும் முதியோர்களையும் அணுகி விசாரித்தும் எழுதிச் சேர்த்தார்கள்.

அவர்கள் சேர்த்தவற்றுள் தமிழர்களாகிய நமக்கு நெருக்கமானவை பாளையக்காரர்களின் வம்சாவளிகள். ஆதியில் எந்தச் சீமையிலிருந்து தம் குலம் தெற்கே வந்தது, எந்த முன்னோர் புலியைக் கொன்றோ மல்லனை வீழ்த்தியோ அரசரின் கிருபையைப் பெற்றார், விசுவநாத நாயக்கரும் தளவாய் அரியநாத முதலியாரும் மதுரைக் கோட்டையின் எழுபத்திரண்டு கொத்தளங்களையும் பாளையக்காரர்களுக்குப் பகிர்ந்து அளித்தபோது தமக்குக் கிடைத்த காவல் எது, பல்லக்கும் விருதும் எந்தத் தலைமுறையில் வந்தன என்று ஒவ்வொரு குடும்பமும் தன் கதையைத் தன் வாக்கிலேயே சொல்லியிருக்கிறது. ஸ்காட்லாந்துக் குடும்பம் ஒன்றின் மூதாதையைத் தேடிய பாதை, இவ்வாறு தென்பாண்டி நாட்டுக் குடும்பங்களின் மூதாதையர்களிடம் வந்து சேர்ந்தது.

இவ்வேடுகளைப் படிப்பவர் அவை எழுந்த காலத்தையும் மனத்திற்கொள்ள வேண்டும். 1799 முதல் 1801 வரை கம்பெனியாருக்கும் பாளையக்காரர்களுக்கும் இடையே நிகழ்ந்த போர்களில் பாஞ்சாலங்குறிச்சி தரைமட்டமாயிற்று. பல பாளையங்கள் பறிபோயின. எஞ்சியவை 1803-இல் ஜமீன்களாக மாறின. தம் உரிமையின் பழமையை வல்லமை வாய்ந்த புதிய அரசாங்கத்தின் செவியில் ஏற்ற வேண்டிய நிலையிலிருந்தவர்கள், தம் முன்னோர் பெருமையைக் கூட்டியும், தோல்வியைக் குறைத்தும் சொல்லியிருப்பது இயல்பே. ஆனால் ஒரு குலம் தன்னை எவ்வாறு நினைவில் வைத்துக்கொள்ள விரும்பியது என்பதும் சரித்திரத்தின் ஒரு பகுதியே. கல்வெட்டு அதைச் சொல்லாது, கம்பெனியின் வரிக்கணக்கும் சொல்லாது.

1821-இல் மெக்கன்ஸி மறைந்தபோது அவரிடமிருந்த தொகுதியில் 1,568 இலக்கியச் சுவடிகளும், 2,070 ஊர் வரலாறுகளும், 8,076 சாசனப் படிகளும், ஆயிரக்கணக்கான சித்திரங்களும் நாணயங்களும் இருந்தன. அவருடைய விதவையிடமிருந்து கம்பெனியார் அவற்றைப் பத்தாயிரம் பவுனுக்கு வாங்கினார்கள், 1828-இல் எச். எச். வில்ஸன் அவற்றுக்கு விவரப் பட்டியல் வெளியிட்டார். அத்தொகுதியில் ஒரு பகுதி சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தை அடைந்து, இன்றும் ஆராய்ச்சியாளர்களுக்குப் பயன்படுகிறது. ஜான் நேப்பியரின் சரித்திரமும் வீணாகவில்லை. அக்குலத்தவரான மார்க் நேப்பியர் 1834-இல் அதை எழுதி வெளியிட்டார். கங்கணம் கட்டிக்கொண்டு ஒரு தலைமுறை தொடங்கிய வேலையை வேறொரு தலைமுறை முடித்தது.

குடும்ப சரித்திரம் தேடுவோருக்கு இவ்விருத்தாந்தம் உணர்த்துவது யாது? தன் வீட்டுப் பெருமையைத் தேடப் புறப்பட்டவன் அதனோடு நின்றுவிட்டால், அதற்காகக் கிடந்துபோன வீட்டுக் காரியங்கள் நஷ்டக் கணக்கிலேயே சேரும். அயலார் வீட்டுக் கதைகளுக்கும் தன் ஏட்டில் இடம் கொடுக்கிறவனுடைய உழைப்போ ஊருக்குச் சொத்தாகிறது. இன்னொன்றும் உண்டு. வம்சாவளிகள் பெரும்பாலும் தந்தை, மகன் என்ற வரிசையிலேயே ஓடுகின்றன. அத்தந்தையருக்கும் மைந்தருக்கும் சோறு வடித்தவர்கள், நோயில் காத்தவர்கள், விதைநெல்லைப் பத்திரப்படுத்தியவர்கள் அவ்வரிசையில் அகப்படுவது அரிது. மதுரை அம்மையாரின் பங்கும் அவ்வாறே மறைந்திருக்கும். பிற்காலத்தில் இலங்கையின் பிரதம நீதிபதியாக விளங்கிய அவருடைய குமாரர் அலெக்ஸாண்டர் ஜான்ஸ்டன், 1832-இல் ஆங்கிலப் பாராளுமன்றக் குழுவின் முன் தம் தாயார் செய்ததை எடுத்துரைத்தமையால் அது நிலைத்தது. ஆகையால், இன்று தம் குலத்தின் கதையை எழுத அமர்பவர்கள், தாம் அமர்ந்திருக்கும் நேரத்தில் வீட்டைத் தாங்குகிறவர் யாரோ அவரிடமே முதலில் செல்லட்டும். அவருடைய தாயின் பெயரையும், தாயைப் பெற்றவளின் பெயரையும், அவர்கள் செய்த வேலைகளையும் கேட்டு ஏட்டின் தொடக்கத்திலேயே எழுதிக்கொள்ளட்டும். அந்த வேலைகளில் தாமும் பாதியை ஏற்றுக்கொண்டு, மிஞ்சிய பொழுதில் பாட்டனாரின் பத்திரங்களைத் தேடட்டும்.