'ஏன் நின்ன?' - ஆலைவாசலில் ஒரு கேள்வி

கோவையின் ஆலை வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களில் நின்றுகொள்கிறார்கள். ஒன்று 1888இல் ஸ்டேன்ஸ் தொடங்கிய நூற்பாலை. மற்றது 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்ட சின்னியம்பாளையம் தொழிலாளர் நால்வர். முதலாளியின் துணிச்சல், தொழிலாளியின் தியாகம். இவ்விரண்டுக்கும் நடுவில், சீட்டுக் கிழிக்கப்பட்டு மறுநாள் விடியுமுன் இன்னொரு ஆலையின் கேட்டில் போய் நின்றவனுக்கு நம் எழுத்தில் இடமில்லை. அவனைக் கேட்ட கேள்வி மட்டும் இன்றுவரை உயிரோடிருக்கிறது. 'முன்ன எங்கிருந்த? ஏன் நின்ன?'

'நோம்பிக்கு ஊருக்குப் போனனுங்க. ஆத்தாளுக்கு மேலுக்கு முடியலீங்க. அப்படியே நின்னுட்டனுங்க.'

இதைப் பொய் என்று தள்ளிவிடுவது சுலபம். வாக்கியத்தைச் சற்றுக் கவனியுங்கள். 'நிறுத்திட்டாங்க' என்பது 'நின்னுட்டேன்' ஆகியிருக்கிறது. பிறவினை தன்வினையாகும்போது நிறுத்தியவர் வாக்கியத்திலிருந்தே காணாமல் போகிறார். ஃபூக்கோவைப் படித்தவர்கள் இதை 'ஒப்புதல் வாக்குமூலம்' என்று வகைப்படுத்தி முடித்துவிடலாம். எனக்கு அது போதவில்லை. பாதிரியிடம் ஒப்புக்கொண்டவனுக்கு மன்னிப்பாவது உண்டு. ஆலைவாசலில் ஒப்புக்கொண்டவனுக்கு வேலை கிடையாது.

மேஸ்திரிதான் ஆள் எடுத்தான், மேஸ்திரிதான் ஆளை நிறுத்தினான் என்றிருந்த காலத்தில் காரணம் என்று எழுத்தில் எதுவும் தேவைப்படவில்லை. மாமூல் தராததும் காரணம், எதிர்த்துப் பேசியதும் காரணம். ஆள் எடுப்பதிலும் நீக்குவதிலும் மேஸ்திரிகளுக்குக் கைகூடாது என்று விட்லி தலைமையிலான ராயல் கமிஷன் 1931இல் பரிந்துரைத்தது. இலங்கைத் தோட்டங்களுக்குப் போன நம்மவர்கள் நிலை வேறு. அங்கே பழைய துரை தரும் 'துண்டு' இல்லாமல் அடுத்த தோட்டத்தில் பெயர் பதிய முடியாது. துண்டு வேண்டுமானால் பழைய கடன் தீர வேண்டும். 1921இல்தான் அது சட்டப்படி ஒழிந்தது. இங்கே வாய்ப்பேச்சு, அங்கே காகிதம். செய்த வேலை ஒன்றே.

சுதந்திரத்துக்குப் பின் கேள்வி திசைமாறியது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்தில் 1965இல் சேர்ந்த 2ஏ பிரிவால், சங்கம் துணைக்கு வராவிட்டாலும் நீக்கப்பட்ட தனியொருவன் வழக்காட முடிந்தது. 1971இல் வந்த 11ஏ, தண்டனை அளவுக்கு மிஞ்சியதா என்று பார்க்கும் அதிகாரத்தைத் தொழிலாளர் நீதிமன்றத்துக்குத் தந்தது. 'ஏன் நின்ன?' என்பது அங்கே 'ஏன் நிறுத்தினாய்?' என்றாகி முதலாளியை நோக்கித் திரும்பிற்று. சிறிய வெற்றியல்ல இது.

ஆனால் வழக்கு வருஷக்கணக்கில் இழுக்கும். அதுவரை அடுப்பெரிய வேண்டாமா? கூண்டில் ஏறி 'அநியாயமா நிறுத்திட்டாங்க' என்று சொல்பவன், அடுத்த ஆலையில் 'நானாத்தானுங்க நின்னுட்டேன்' என்று சொல்ல வேண்டும். இரண்டாவது வாக்கியம் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு எட்டினால் முதல் வாக்கியம் செத்தது. முதலாளி மேல்முறையீட்டுக்குப் போனால், 1982 திருத்தம் கொண்டுவந்த 17பி பிரிவின்படி கடைசியாக வாங்கிய சம்பளத்தைக் கேட்கலாம். அதற்கு வேறெங்கும் வேலையில் இல்லை என்று பிரமாணப் பத்திரம் தர வேண்டும். பிழைக்கப் போனால் உரிமை போகும், உரிமையைப் பிடித்துக்கொண்டால் பிழைப்பு போகும். நம் தொழிற்சங்கத் தோழர்கள் இந்த இரட்டை நாக்கின் அவஸ்தையைப் பற்றி ஏன் எழுதவேயில்லை? அந்தச் சட்டத்தின் இடத்துக்கு இப்போது தொழிலுறவுத் தொகுப்பு வந்துவிட்டது. அவஸ்தைக்கு மாற்று வந்ததாகத் தெரியவில்லை.

சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1982ஆம் ஆண்டுப் பரிந்துரை (எண் 166), சேர்ந்த தேதி, நீங்கிய தேதி, பார்த்த வேலை ஆகியவை மட்டுமே சான்றிதழில் இருக்க வேண்டும் என்கிறது. நடத்தை பற்றிய மதிப்பீடு தொழிலாளி கேட்டால் மட்டும். பரிந்துரை யாரையும் கட்டுப்படுத்தாது; அதனுடன் வந்த 158ஆம் உடன்படிக்கையை இந்தியா ஏற்கவுமில்லை.

இன்று மேஸ்திரியுமில்லை, துண்டுமில்லை. சரவணம்பட்டி கம்பெனிகளில் 'ரிலீவிங் லெட்டர் எங்கே?' என்கிறார்கள். 2014இல் வந்த வைப்புநிதிப் பொது எண் பழைய கம்பெனியை, தேதிகளோடு, கூடவே இழுத்துவருகிறது. நடுவில் ஆறு மாதம் வெற்றாகக் கிடந்தால் எதிரே உட்கார்ந்திருப்பவர் விரல் வைக்கிறார். பையன் 'பர்சனல் ரீசன், சார்' என்கிறான்.