பேரர்க்கென வார்த்த கலங்கள்

மேற்குச் சௌ அரசமரபின் காலத்து (கி.மு. 1046–771) சீன வெண்கலச் சடங்குக் கலங்கள் பலவற்றின் பொறிப்புகள் ஒரே வாய்பாட்டில் முடிகின்றன. மக்களும் பேரரும் வழிவழியாக இதனைப் போற்றிப் பயன்கொள்ள வேண்டும் என்பது அதன் கருத்து. நாம் 'வழிவழி' என்று அடுக்குவதைப் போல, அங்கே மகனைக் குறிக்கும் சொல்லும் பேரனைக் குறிக்கும் சொல்லும் இருமுறை அடுக்கி வரும். எழுத்தை மீண்டும் எழுதாமல் இரு சிறு கோடுகளால் அவ்வடுக்கைக் குறித்தனர். மொழியியல் பயின்ற என்னை அக்கோடுகளைவிட அங்குள்ள இரு வினைகளே நெடுநாள் சிந்திக்க வைத்தன: போற்றுதல், பயன்கொள்ளுதல். இக்கலங்களைச் சேகரித்த வரலாறு, முதல் வினையைப் பற்றிக்கொண்டு இரண்டாவதைக் கைவிட்ட வரலாறு.

டிங் இறைச்சிக்கு, குய் தானிய உணவுக்கு, ஜுவே மதுவுக்கு என ஒவ்வொரு கலமும் முன்னோர் வழிபாட்டில் தனக்குரிய பணியைச் செய்தது. களிமண் அச்சிலேயே எழுத்தை அமைத்துக் கலத்தோடு சேர்த்து வார்த்தனர். ஆகவே எழுத்தும் பாத்திரமும் ஒருசேரப் பிறந்தவை.

சோங் காலத்து அறிஞர் லூ தாலின் 1092இல் தொகுத்த நூலில் கலங்களின் உருவத்தை வரைந்து, பொறிப்பைப் படியெடுத்து, அளவும் எடையும் குறித்தார். தெரிந்தவிடத்து, கலம் கிடைத்த இடத்தையும் உடையவர் பெயரையும் சேர்த்தெழுதினார். சேகரிப்பு அங்கே ஆய்வாகவும் இருந்தது.

பின்னாளில் சந்தை அந்த ஒழுங்கைப் பேணவில்லை. 'மின் ஃபாங்லெய்' என்னும் பெரும் மதுக்கலம் கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹூனானில் வெளிப்பட்டது. மூடி அம்மாநிலத்திலேயே தங்கிவிட, உடல் கடல் கடந்து கைமாறிக்கொண்டே சென்றது. 2001இல் நியூயார்க் ஏலத்தில் அது 92 லட்சம் டாலருக்கும் மேல் விலைபோனது. மூடியில் எட்டு எழுத்து, உடலில் ஆறு; இரண்டும் ஒரே தந்தைக்குச் செய்த படையலைச் சொல்பவை. 2014இல்தான் உடல் ஹூனான் அருங்காட்சியகத்துக்கு வந்து மூடியோடு சேர்ந்தது.

மூடியும் உடலும் சேர்ந்தன. ஆனால் கலம் மண்ணில் எவற்றோடு கிடந்தது என்னும் செய்தியை எந்த விலை கொடுத்தும் மீட்க முடியாது. அச்செய்தியின் மதிப்பை 1976இல் ஆன்யாங்கில் அகழ்ந்த ஃபூ ஹாவ் கல்லறை காட்டுகிறது. கொள்ளையர் கைபடாத அக்குழியில் 468 வெண்கலப் பொருள்கள் இருந்தன. பல கலங்களில் அவள் பெயர் இருந்தது. குறி எலும்புகளில் மன்னன் வூ டிங்கின் துணைவியாகவும் படைத்தலைவியாகவும் வரும் பெண்ணே அவள் என்று துணிய முடிந்தது. அதே கலங்கள் தனித்தனியே ஏலத்திற்கு வந்திருந்தால், நமக்கு எஞ்சியிருப்பது அழகிய வெண்கலமும் புரியாத ஒரு பெயரும் மட்டுமே.

எனவே அருங்காட்சியகத்தில் இத்தகைய கலத்தின் முன் நிற்க நேர்ந்தால், அதன் பச்சைக் களிம்பை வியந்தபின் அருகிலுள்ள குறிப்பையும் படியுங்கள். கொடுத்தவர் பெயர் பெரும்பாலும் இருக்கும். கிடைத்த இடம் இருக்கிறதா என்று பாருங்கள். 900 ஆண்டுகளுக்கு முன் லூ தாலின் அதனைத் தேடி எழுதினார்.