நடுநிலைப் பள்ளிக் கணிதச் செயல்பாடுகள்: தேனி, கம்பம் பள்ளத்தாக்கு

நடுநிலைப் பள்ளிக் கணிதச் செயல்பாடுகள் என்பவை, 6 முதல் 8ஆம் வகுப்பு வரை படிக்கும் மாணவர்கள் அளந்தும் எண்ணியும் ஊகித்தும் விவாதித்தும் கணிதக் கருத்துகளைக் கண்டடைவதற்கான வகுப்பறைப் பணிகள். தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் அணை நீர்மட்டம், ஆயக்கட்டுப் பாசனம், ஏலக்காய் வணிகம், திராட்சைத் தோட்டம் ஆகியவை இவற்றுக்கு வளமான மூலப்பொருள்.

பின்னணி

தமிழ்நாட்டில் கணிதத்தைச் செய்து கற்கும் முறைக்கு முன்னோடி, சென்னை முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் பி. கே. சீனிவாசன் (1924–2005). கணித மன்றங்களையும் கணிதக் கண்காட்சிகளையும் மாணவர்களைக் கொண்டே நடத்தியவர் அவர். தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு 2005-க்கான கணிதக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர். இராமானுஜம். குழந்தையின் சிந்தனையைக் கணிதமயமாக்குவதே முதன்மை நோக்கம் என அக்குழு வலியுறுத்தியது. அரசுப் பள்ளிகளின் உயர்தொடக்க வகுப்புகளுக்குப் படைப்பாற்றல் கல்வி முறை வந்தது. 6 முதல் 8ஆம் வகுப்பு வரை அறிவியல், கணிதச் செய்முறைகளைக் கொண்டுசெல்லும் வானவில் மன்றம் 2022 நவம்பரில் தொடங்கப்பட்டது. தேனி மாவட்ட ஆசிரியர்களுக்கான கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் உத்தமபாளையத்தில் உள்ளது.

அணையும் கன அளவும்

முல்லைப்பெரியாறு 142 அடி, வைகை 71 அடி, சோத்துப்பாறை 126.28 அடி என்ற உச்ச நீர்மட்ட அளவுகள் மாவட்டச் செய்திகளில் தொடர்ந்து வருபவை. அன்றாட ஏற்ற இறக்கத்தை ஒரு மாதம் குறித்துவைத்தால் தசமமும் குறை எண்ணும் கோட்டு வரைபடமும் ஒன்றாகப் பழகும்.

அடுத்த கேள்வி ஆழமானது: வைகையில் 35.5 அடி இருந்தால் அணை பாதி நிறைந்ததாகுமா? தாளைக் கூம்பாகச் சுருட்டி, உயரத்தின் நடுவே கோடிட்டு, அக்கோடு வரை கொள்ளும் மணலை அளவாக வைத்துக்கொள்ள வேண்டும். முழுக் கூம்பு நிறைய அந்த அளவில் எட்டு முறை கொட்ட வேண்டியிருக்கும். அணை சரியான கூம்பு வடிவம் அல்ல. ஆனால் மேலே போகப் போக நீர்ப்பரப்பு விரிவதால், பாதி உயரத்தில் பாதித் தண்ணீர் இருக்காது என்பதை மாணவர் கையாலேயே உணர்கிறார்.

ஆயக்கட்டுக் கணக்கு

லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை இருபோக நெல் விளையும் பரப்பு 14,707 ஏக்கர். அண்மை ஆண்டுகளில் முதல் போகத்துக்கு முல்லைப்பெரியாறு அணையிலிருந்து 120 நாட்களுக்கு விநாடிக்கு 200 கன அடி பாசனத்துக்கும் 100 கன அடி குடிநீருக்கும் என அறிவித்துத் தண்ணீர் திறக்கப்பட்டிருக்கிறது. ஒரு நாளுக்கு 86,400 விநாடி. ஆக, பாசனத்துக்கு மட்டும் 207.36 கோடி கன அடி. ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. அத்தனை நீரையும் ஆயக்கட்டு முழுவதும் சமமாகப் பரப்பினால் சுமார் மூன்றேகால் அடி உயரம் நிற்கும். வழியில் கசிவதும் ஆவியாவதும் மழை தருவதும் எவ்வளவு என்ற விவாதம் இங்கிருந்து எழும்.

சிறிய வகுப்புக்கு ஒரு சென்ட் போதும். 435.6 சதுர அடியைப் பள்ளி மைதானத்தில் வெவ்வேறு நீள அகலங்களில் கயிறு கட்டிக் காட்டினால், பரப்பு மாறாமல் சுற்றளவு மாறுவதைக் காணலாம்.

ஏலக்காயும் விழுக்காடும்

போடிநாயக்கனூர் பெயர்பெற்ற ஏலக்காய்ச் சந்தை. 80 விழுக்காடு ஈரமுள்ள 100 கிலோ பச்சைக்காயை 10 விழுக்காடு ஈரம் வரை உலர்த்தினால் எத்தனை கிலோ மிஞ்சும் என்று கேட்டால், 30 என்ற விடை உடனே வரும். உலர்பொருள் 20 கிலோ மாறுவதில்லை. அது புதிய எடையில் 90 விழுக்காடு. எனவே சரியான விடை சுமார் 22.2 கிலோ. விழுக்காடு எதன்மேல் கணக்கிடப்படுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கணக்கு அரிது. காய்களை அளவுவாரியாகப் பிரித்து நிகழ்வெண் அட்டவணை போடலாம். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையின் சில கொத்துகளில் பழங்களை எண்ணி, சராசரியும் இடைநிலை அளவும் காணலாம்.

நடத்தும் முறை

முதலில் ஒவ்வொரு குழுவும் தன் ஊகத்தைக் கரும்பலகையில் எழுத வேண்டும். பிறகே அளவிடுதல். விடைகள் வேறுபட்டால் ஆசிரியர் தீர்ப்புச் சொல்லாமல், ஒவ்வொரு குழுவும் காரணம் கூறக் காத்திருக்க வேண்டும். இந்தக் காத்திருப்பைத் தவிர்த்தால் செயல்பாடு கைவேலையாகச் சுருங்கிவிடும்.

தோட்டம் வைத்திருப்பவர் பிள்ளையும், ஜீப்பில் இடுக்கி ஏலத்தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போகிறவர் பிள்ளையும் ஒரே பெஞ்சில் அமரும் பகுதி இது. ஆகவே வீட்டு நிலம், வரவு செலவு பற்றிக் கேட்பதைவிடப் பொது எண்களைக் கொண்டு கணக்கு அமைப்பதே நியாயம்.

மதிப்பீடு

செய்த செயல்பாட்டையே திரும்பக் கேட்பது மதிப்பீடு ஆகாது. ஏலக்காயில் கண்ட உறவைப் பச்சை மிளகாய் வற்றலாகும் கணக்குக்கும், கூம்பில் கண்டதை ஊர்க் கண்மாய்க்கும் மாணவர் தாமே பொருத்த வேண்டும். எங்கே அது பொருந்தாது என்றும் அவரால் சொல்ல முடிந்தால் அந்தச் செயல்பாடு தன் வேலையைச் செய்துவிட்டது.