டிரைப்பின் கோயில் ஒளிப்படங்களில் காட்சியமைப்பும் சான்றுத்தன்மையும்

முன்னுரை

சட்டகத்திற்குள் எதை வைப்பது, எதை விலக்குவது, எங்கிருந்து நோக்குவது என்னும் தெரிவுகளே ஒளிப்படத்தின் காட்சியமைப்பு எனப்படும். அழகியல் சார்ந்தவையாக மட்டும் கருதப்படும் இத்தெரிவுகள், ஒளிப்படத்தின் சான்றுத்தன்மையையும் தீர்மானிக்கின்றன. இதனை லின்னேயஸ் டிரைப் 1858இல் மதுரையிலும் தஞ்சையிலும் எடுத்த படங்களின்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

அரசுப் பணி

கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் அதிகாரியாக இருந்த டிரைப் (1822-1902), 1855இல் பர்மிய அரசவைக்குச் சென்ற தூதுக்குழுவில் இடம்பெற்றுப் படமெடுத்தார். 1856இல் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக நியமிக்கப்பட்டார். செலவு மிகுதியெனக் கருதிய ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன் காலத்தில் இப்பணி நிறுத்தப்பட்டது.

ஆழமும் நீளமும்

மதுரைப் புதுமண்டபத்தின் தென்புற வழியை அவர் மேற்கு முகப்பிலிருந்து படமெடுத்தார். படிப்படியாகச் சிறுத்துச் செல்லும் தூண் வரிசை பார்வையை உள்ளே ஈர்ப்பதால் மண்டபத்தின் ஆழம் தெளிவாகப் புலப்படுகிறது. ஆயின், அருகிலுள்ள தூண்கள் தொலைவிலுள்ள தூண்களின் சிற்பங்களை மறைக்கின்றன.

தஞ்சைப் பெரிய கோயிலில் அவர் கையாண்டது இதற்கு மாறான முறையாகும். விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாகப் படமெடுத்து, 21 படிகளை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். இங்கு ஆழம் விலக்கப்பட்டு எழுத்து முதன்மை பெறுகிறது. எனினும், சுற்றிவந்து காணவேண்டிய சுவர் நேர்கோட்டுப் பட்டையாக மாறிவிடுகிறது. ஒன்றைக் காட்டும் அமைப்பே மற்றொன்றை மறைக்கிறது என்பதற்கு இவ்விரு படங்களும் சான்றாகும்.

படத்தில் பதியாதவை

டிரைப் பயன்படுத்திய தாள் நெகட்டிவ்களில் ஒளி படவேண்டிய நேரம் நீண்டது. எனவே, நடமாடுவோர் பெரும்பாலும் பதிவாவதில்லை. படத்தில் காணும் வெறுமையைக் கொண்டு, அம்மண்டபம் மக்கள் புழங்காத இடமாக இருந்தது எனக் கொள்வது பிழையாகும். அக்கால வேதிப்பொருள்கள் நீல ஒளிக்கு மிகையாக வினைபுரிந்தமையால் வானம் வெறுமையாகவே அச்சாகும். இக்குறையை நீக்க அவர் சில நெகட்டிவ்களின்மீது வண்ணம் தீட்டி முகில்களை உருவாக்கினார். அம்முகில்கள் வானிலைக்குச் சான்றாகா.

முடிவுரை

கோயிற்கலை வரலாற்றை எழுதுவோர்க்குப் பழைய ஒளிப்படங்கள் இன்றியமையாதவை. அவற்றைச் சான்றாகக் கொள்வதற்குமுன் கேமரா நின்ற இடம், சட்டகத்தின் எல்லை, ஒளி பட்ட நேரம், நெகட்டிவ்வில் செய்யப்பட்ட திருத்தம் ஆகிய நான்கையும் ஆராய்தல் வேண்டும். கல்வெட்டைப் படிப்பதற்குமுன் அதன் சிதைவை மதிப்பிடுவது போன்றதே இம்முறையும்.