கரி லோரியும் கார்புரேட்டரும்

புக்கிட் தீமாவின் பழைய ஃபோர்டு தொழிற்சாலை என்றால் பலருக்கும் 1942 பிப்ரவரி 15தான் நினைவுக்கு வரும். பெர்சிவல் யமாஷிதாவிடம் சரணடைந்த இடம். ஆனால் அது 1941 அக்டோபரில் கட்டி முடித்த வாகனத் தொழிற்சாலை. ஆக்கிரமிப்புக் காலத்தில் அங்கேயே நிசான் நிறுவனம் ஜப்பானிய ராணுவத்துக்கு லோரிகள் பூட்டியது. சரணடைந்த மேசையைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. எனக்கு லோரிகள்மேல்தான் கண். குறிப்பாக, அவை ஏன் நடுவழியில் நின்றன என்பதில்.

பழைய பெட்ரோல் லோரியில் எண்ணெய் போகும் வழி ரொம்ப எளிது. டேங்க், குழாய், பம்ப், கார்புரேட்டர். உள்ளே மிதவை, ஊசி, ஜெட். எடைக்கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய 15 பங்கு காற்று கலந்தால் இஞ்சின் ஓடும். 1908இல் வந்த ஃபோர்டு மாடல் டியில் பம்ப்கூடக் கிடையாது. சீட்டுக்கு அடியிலிருந்த டேங்கிலிருந்து எண்ணெய் தானாகவே இறங்கும். எண்ணெய் குறைந்தால் மேட்டில் ஏறாது. அப்போது வண்டியைத் திருப்பி, ரிவர்ஸில் ஏற்றுவார்கள்!

1941 ஆகஸ்டில் அமெரிக்கா ஜப்பானுக்கு எண்ணெய் விற்பதை நிறுத்தியது. டிசம்பர் 8இல் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942 ஜனவரி 31இல் பிரிட்டிஷார் ஜொகூர் பாருவை விட்டுப் போய், கடற்பாலத்தையும் வெடிவைத்து உடைத்தார்கள். டேங்க் காலியானவன் பக்கத்து வீட்டு டேங்கைத் தேடிக் கிளம்பிய கதை என்று இதைச் சொன்னால் வரலாற்று ஆசிரியர்கள் அடிக்க வருவார்கள். முழுசாகத் தப்பும் இல்லை.

பலெம்பாங் எண்ணெய் ஜப்பான்காரன் கைக்கு வந்த பிறகும் மலாயாவின் சாதாரண வண்டிகளுக்குப் பெட்ரோல் எட்டவில்லை. பஸ்ஸிலும் லோரியிலும் கரி அடுப்பு பூட்டினார்கள். காற்றைக் குறைத்துக் கரியை எரித்தால் கார்பன் மோனாக்சைடு வரும்; அதை வடிகட்டி, குளிரவைத்து, இஞ்சினுக்குள் விட வேண்டும். கார்புரேட்டருக்கு வேலையே இல்லை. பலமும் மூன்றில் ஒரு பங்காவது போய்விடும். வடிகட்டியில் சாம்பல் அடைத்தால் இஞ்சின் மூச்சுத் திணறும். குழாயில் எங்கோ ஓட்டை விழுந்தால் காற்று புகுந்து வாயு நீர்த்துப்போகும். அடுப்புப் பக்கம் கசிந்தால் இன்னும் மோசம், வாசனையே இல்லாமல் ஆளைக் கொல்லும். ரப்பரைக் காய்ச்சி எரிபொருள் எடுக்கவும் முயன்றார்கள். அந்த மாதிரி எண்ணெய் வைத்திருக்க வைத்திருக்கப் பிசின் கட்டும், ஜெட்டை அடைக்கும். நம் ஆட்கள் சீவிய பால் கடைசியில் போய் நின்ற இடங்களில் இதுவும் ஒன்று.

என் தாத்தா 1960களில் கூலாய் பக்கத் தோட்டம் ஒன்றில் பெட்ஃபோர்ட் லோரிக்குக் கெலிண்டானாக இருந்தவர். அவருடைய டிரைவர் ஜப்பான் காலத்தில் கரி லோரி ஓட்டியவராம். நான் ஸ்கூடாயில் மெக்கானிக்கல் படித்தவன். ஸ்கேனரைச் சொருகினால் திரையில் கோளாறு எண் வரும், அதைப் பார்த்துப் பழகிய தலைமுறை. தாத்தாவின் முதல் பாடம்: "காபரேட்டர கழட்டாதடா. மொதல்ல மோந்து பாரு."

கறுப்பெண்ணெய்க் குச்சியை உருவி மோந்தால் பெட்ரோல் வாடை அடிக்கிறதா? பம்பின் ரப்பர் தாள் கிழிந்திருக்கலாம். பெட்ரோல் இஞ்சினுக்குள்ளேயே ஒழுகுகிறது. நாலு மைல் ஓடி நின்று, டேங்க் மூடியைத் திறந்ததும் 'உஸ்'ஸென்று காற்று உள்ளே போய், மறுபடி ஓடுகிறதா? மூடியின் காற்றுத் துளை அடைப்பு. நல்ல வெயிலில், மேட்டில் மட்டும் நிற்கிறதா? பம்பில் பெட்ரோல் கொதித்து ஆவியாகிறது. ஈரச் சாக்கைப் போட்டுக் காத்திருக்க வேண்டும். பிளக் கரியாகக் கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு. எனக்குப் பிடித்தது இது: இஞ்சின் ஆறியதும், தகர டின்னில் பெட்ரோலை உயரத்தில் கட்டி, குழாய் வழியே நேராகக் கார்புரேட்டருக்கு விடுவது. ஓடினால் கோளாறு பம்பிலோ டேங்கிலோ. மாடல் டியின் அதே தத்துவம்தான். தாத்தாவுக்கு அந்தப் பெயர் தெரியாது.

தோட்டத் தமிழர் வரலாறாக நான் படித்ததில் பால்வெட்டு இருந்தது, வேலைநிறுத்தம் இருந்தது, சயாம் மரண ரயில் இருந்தது. இருக்கத்தான் வேண்டும். ஆனால் சத்தத்தையும் வாசனையையும் வைத்தே இயந்திரத்தைப் படித்த டிரைவர்கள் ஒரு பத்தியிலும் வரவில்லை. நம்மை உடலுழைப்பாக மட்டுமே எழுதி எழுதி, நமக்கு இருந்த தொழில்நுட்ப அறிவை நாமே கணக்கில் சேர்க்காமல் விட்டோம் என்றுதான் எனக்குப் படுகிறது.

தாத்தா எண்பதைத் தாண்டிவிட்டார், காது மந்தம். கேட்க வேண்டியதைச் சீக்கிரம் கேட்டுவிட வேண்டும் என்று மாசாய்க்கு வாராவாரம் போகிறேன். போன வாரம் கேட்டது: கரிவாயு இஞ்சினுக்குத் தயாராகிவிட்டது என்று எப்படித் தெரியும்? "கொழா வாயில நெருப்புக் குச்சி காட்டுவாங்களாம். சுடர் நீலமா, ஆடாம நின்னுச்சுன்னா கெளம்பலாம்னு டிரைவர் சொல்லுவாரு."